நன்றி நவிலல் பக்கத்தில் இடம் போதவில்லை

அம்மம்மாவின் கல்வெட்டுக்கு அச்சகத்தில் எல்லாம் தயாராக இருந்தது. முகப்பில் படம், அடுத்து திதி வெண்பா, பஞ்சபுராணம், வம்சாவளி, பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். "நன்றி நவிலல் எங்களிடமே இருக்கிறது அக்கா, குடும்பப் பெயரை மாற்றினால் போதும்" என்று அச்சகத்துத் தம்பி கணினியில் திறந்து காட்டினார். மறைவுச் செய்தி கேட்டு நேரில் வந்து ஆறுதல் சொன்னோருக்கும், தொலைபேசியில் அனுதாபம் தெரிவித்தோருக்கும், மலர் வளையம் சாத்தியோருக்கும், உணவளித்தோருக்கும், கிரியைகளை நடத்தித் தந்தோருக்கும் நன்றி. அரைப் பக்கம்.

கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைப்பவர்களுக்காக ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி. அன்று மதிய போசனத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு நூலுக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கு அடிக்குள் கட்டிவைப்பது திதி வெண்பா. ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்கிறபோது பஞ்சாங்கத்தோடு இந்த வெண்பாவையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இணையத்தில் 'நூலகம்' தளத்தில் இப்படியான நினைவு மலர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களின் சரித்திரத்தில் பாதி அவற்றுக்குள்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அம்மம்மா இறந்தது 2024 மார்ச் 5. சோபகிருது ஆண்டு மாசித் தேய்பிறைத் தசமி. மூன்று நாள் கழித்துச் சிவராத்திரி. துடக்கு வீடு என்பதால் யாரும் கோயிலுக்குப் போகவில்லை; முற்றத்துப் பந்தலுக்குக் கீழே விழித்திருந்தோம். தாது ஆண்டு ஆவணியில், அதாவது 1936இல் பிறந்தவர். எண்பத்தேழு வயது.

எண்பத்தேழு வயதுக்கு அரைப் பக்க நன்றி. அதுவும் கடைசி ஐந்து நாளில் வந்தவர்களுக்கு மட்டும். அச்சகத்துத் தம்பியிடம் "இதை நான் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் ஊரான இணுவிலுக்குத் திரும்பினேன். இரவு இரண்டு மணிவரை எழுதினேன். காலையில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா முழுவதும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வேண்டாம் பிள்ளை" என்றார்.

"ஒரு பெயர் போட்டால் நூறு பெயர் போட வேண்டும். நூறு போட்டாலும் ஒன்று விட்டுப்போகும். அந்த ஒருவர் சாகும்வரை அதை நினைத்துக்கொண்டிருப்பார். நன்றி சொல்லப்போய் ஒருவரை நோகச் செய்யக் கூடாது. அதனால்தான் எல்லாரும் பொதுவாகப் போடுகிறார்கள்."

அந்த அரைப் பக்கத்தை அதுவரை நான் அக்கறையில்லாத வாசகம் என்றே நினைத்திருந்தேன். அம்மா சொன்ன பிறகு அதிலுள்ள பக்குவம் தெரிந்தது. கல்வெட்டில் அச்சகத்து வாசகமே போனது. இங்கேயும் அம்மாவின் சொல்லை மீறப்போவதில்லை. யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதலாம்.

*

1971இல் தாத்தா இறந்தார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் கிளார்க். ஒவ்வொரு நாளும் இணுவில் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்வருவார். காய்ச்சலென்று படுத்தவர் பதினோராம் நாள் எழும்பவில்லை. அம்மம்மாவுக்கு முப்பத்தைந்து வயது, நான்கு பிள்ளைகள். மூத்தவர் பெரியம்மாவுக்குப் பதின்மூன்று. கடைசியான மாமாவுக்கு இரண்டு. என் அம்மா இரண்டாவது.

அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல், அதுவும் கைத்தையல். மெசின் வாங்கப் பணமில்லை. எங்கள் ஒழுங்கையில் அப்போது பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்தார்கள். தலைக்கு மாதம் 25 ரூபாய், மொத்தம் 300. ஏலச்சீட்டு என்பதால் யார் அதிகக் கழிவு விட ஒப்புக்கொள்கிறாரோ அவருக்குத்தான் அந்த மாதப் பணம். கழிவு மற்றவர்களுக்குப் பங்காகும். முதல் மாதத்துச் சீட்டுக்கு எப்போதும் போட்டி இருக்கும். அவசரக்காரர் அறுபது எழுபது ரூபாய்கூடக் கழித்து எடுப்பார்கள். சீட்டுக்காரி எங்கள் முன்வீட்டு ஆச்சி. முதல் மாதத்துக்கு எல்லாரும் அவர் வீட்டு விறாந்தையில் கூடினார்கள். "யார் கேட்கிறீர்கள்?" என்றார் ஆச்சி. அம்மம்மா, "ஐந்து ரூபாய் கழிவு" என்றார். ஆச்சி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று முறை கேட்டார். பதினொரு பெண்களும் பேசாமல் இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு அந்த மாதம் அடகில் இருந்த சங்கிலி மூழ்கவிருந்தது என்பது பல வருடங்களுக்குப் பிறகே அம்மம்மாவுக்குத் தெரியவந்தது. சங்கிலி மூழ்கியும்விட்டது. அந்தப் பெண் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வேறொருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். அம்மம்மா அதை எனக்குச் சொன்னபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அப்போதும் குரல் தழுதழுத்தது.

அந்த 295 ரூபாயில் வந்ததுதான் பழைய சிங்கர் மெசின். காலால் மிதிக்கிற மெசின். கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூ வேலைப்பாடு. எங்கள் வீட்டின் நடு அறையில் ஜன்னலோரம் இன்றும் இருக்கிறது.

காலமும் கைகொடுத்தது என்று சொல்ல வேண்டும். எழுபதுகளின் முற்பகுதியில் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாடெங்கும் பாணுக்கு வரிசை நின்ற அந்த வருடங்களில், எங்கள் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரர்களின் கையில் மட்டும் முதல்முறையாகக் காசு புரண்டது. தோட்டத்து வீடுகளின் பெண்கள் கோயில் திருவிழாவுக்குப் புதுச்சட்டை தைத்தார்கள். தைப்பூசத்துக்கு இணுவில் கந்தசுவாமி கோயிலில் மஞ்சம் இழுக்கும் நாள் நெருங்கினால் எங்கள் வீட்டு விளக்கு விடியவிடிய எரியும்.

அவ்வளவு வேலையை அம்மம்மா தனியாகச் செய்யவில்லை. பெரியம்மா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். ஊக்குத் தைப்பது, விளிம்பு மடிப்பது, பொத்தான் துளை கட்டுவது எல்லாம் அவர் வேலை. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தவர். என் அம்மா ஆசிரியையானதும், சித்தி தாதியானதும், மாமா பொறியியல் படித்துக் கனடா போனதும் பெரியம்மாவின் விரல் நுனிகளால்தான். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லண்டனிலிருந்து பெரியம்மா வீடியோவில் பேசுகிறபோதெல்லாம் கடைசி இரண்டு வருடங்களாக அம்மம்மா ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "நீ படித்திருக்க வேண்டியவள் பிள்ளை." பெரியம்மா உடனே பேச்சை மாற்றிவிடுவார். வம்சாவளிப் பக்கத்தில் பெரியம்மா பெயர் முதலில் வரும். மூத்தவர் என்பதால் அப்படித்தான் வரும். அந்தப் பக்கம் பார்க்கும்போது எனக்கு வேறு காரணமும் தோன்றும்.

*

தாத்தா இறந்தபின் அம்மம்மா வெள்ளைச் சேலைதான். ஒரு கைம்பெண் எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதற்கு அன்று ஊரில் நீண்ட கணக்கு இருந்தது. கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்கக் கூடாது. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்களின் எதிரில் வரக் கூடாது. ஊருக்கெல்லாம் சட்டை தைத்த அம்மம்மாவிடம் ஒருவரும் கூறைச் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. கூறை என்றால் தாலி கட்டும்போது மணமகள் உடுக்கும் சேலை. அதற்கான சட்டைத்துணியை அம்மம்மாவைத் தாண்டிச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோவார்கள். அம்மம்மா அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. அவருக்கே அது சரியென்று பட்டிருந்ததுதான் எனக்கு வலிக்கிறது.

அந்தக் கணக்கைக் கிழித்தவர் அம்மம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஒருவர். 1978இல் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். கூறைச் சட்டைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மம்மா துணியைத் தொடவில்லை. "வேண்டாம், நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் என்னால்தான் என்பார்கள்" என்றார். சிநேகிதி எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து அம்மம்மாவின் கையில் வைத்தார். "உன் கைபட்டுத்தான் என் பிள்ளை வாழும். வெட்டு."

அம்மம்மா வெட்டினார். தைத்து முடிக்கும்வரை மூன்று நாள் பயத்தில் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். அந்த மகள் இன்று ஏழு பேரப்பிள்ளைகளோடு கொக்குவிலில் இருக்கிறார். அதற்குப் பிறகு கூறைச் சட்டைகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு ஆவணிக்கும் தைக்கும் மேசை நிறைய. கல்யாணத்துக்கு அம்மம்மா போகமாட்டார்; அவர் தைத்த சட்டை போகும்.

சிநேகிதியைப் பற்றி என்னிடம் ஒரு படம்கூட இல்லை. 1987இல், சண்டைக் காலத்தில் இறந்துபோனார். கல்வெட்டு அடிக்கவும் யாரும் அப்போது ஊரில் இருக்கவில்லை.

*

அம்மம்மாவிடம் ஓர் அளவுக் கொப்பி இருந்தது. உண்மையில் ஆறு கொப்பிகள். ஒன்றோடொன்று நூலால் சேர்த்துத் தைத்துத் தடித்த புத்தகமாக்கியிருந்தார். பெயர், தேதி, மார்பு, இடுப்பு, தோள், கைநீளம், கழுத்து இறக்கம். எல்லாம் அங்குலத்தில். ஒரே பெண்ணின் அளவுகள் பதினாறு வயதிலிருந்து அறுபது வயதுவரை ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். இடுப்பளவு கூடினால் வீட்டார் அறியுமுன் அம்மம்மா அறிவார். யாரிடமும் சொன்னதில்லை. சில பெயர்களுக்கு மேல் சின்னதாக ஒரு பிறை வரைந்திருக்கும். அவர்கள் இறந்தவர்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது விரலை அதன்மேல் சற்று வைத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார்.

1990க்குப் பிறகான பக்கங்களில் எழுத்து பென்சிலுக்கு மாறுகிறது. பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் போய்விட்டது. மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில் நாங்கள் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழச் சாற்றில் துணி தோய்த்தோம். ஊரில் புதுத்துணி அபூர்வம். அம்மம்மா பழைய சேலைகளைப் பிரித்துப் பள்ளிச் சட்டைகள் தைத்தார். மெசினுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காயெண்ணெய் விட்டால் இரண்டு நாளில் பிசினாகி இறுகும். அதைவிடப் பெரிய பஞ்சம் ஊசி. கடைசி ஊசி முறிந்த அன்று அம்மம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது ஐந்து வயது. பத்து நாள் மெசின் மூடிக்கிடந்தது.

முன்வீட்டு ஆச்சியின் மருமகன் வவுனியாவுக்குப் போயிருந்தார். அந்த நாளில் போய்வர ஒரே வழி கிளாலிக் கடல்நீரேரி. இரவில், விளக்கில்லாத படகில். அந்த நீரில் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. அவர் விடியற்காலை வந்து சேர்ந்து, தன் வீட்டுப் படலையைத் திறக்குமுன் எங்கள் படலையைத் தட்டினார். சட்டைப்பையிலிருந்து ஒரு ஊசிப் பொட்டலத்தை எடுத்தார். நனையாமலிருக்க மெழுகுத்தாளில் சுற்றியிருந்தார். மனிதர் முழங்கால்வரை ஈரம், பொட்டலம் காய்ந்திருந்தது. ஊருக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற ஒருவர், முன்வீட்டுக் கைம்பெண்ணின் மெசின் ஊசியை நினைத்து வைத்திருந்தார்.

*

1995 அக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு எல்லாரும் உடனே வெளியேற வேண்டும். எனக்கு ஏழு வயது. மழை. அம்மம்மா வேறெதையும் தேடவில்லை. திருகாணியைக் கழற்றி மெசினின் தலைப்பகுதியை மட்டும் எடுத்தார். சேலையில் சுற்றி அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டினார். அளவுக் கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டார். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் மனிதத் தலைகளால் நிறைந்திருந்தன. ஓரிடத்தில் இரண்டு மணிநேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். லட்சக்கணக்கானோர் நடந்த அந்த இரவைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு நினைவிருப்பது அம்மம்மாவின் ஈரச் சேலை முந்தானை மட்டும். அதைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன்.

மறுநாள் மாலை தென்மராட்சியிலுள்ள மீசாலையில் ஒரு வீட்டின் முன் களைத்துப்போய் உட்கார்ந்தோம். முன்பின் தெரியாத வீடு. வீட்டுக்கார அம்மா படலையைத் திறந்து வந்து பார்த்தார். ஏற்கெனவே உள்ளே மூன்று குடும்பங்கள் இருந்தன. "விறாந்தைதான் இருக்கிறது அக்கா, வாருங்கள்" என்றார். ஆறு மாதம் அந்த விறாந்தையில் இருந்தோம். ஒரே கிணறு, இருபத்தேழு பேர். வளவில் நின்ற பலாமரங்கள் காய்க்கத் தொடங்கியதும் பலாக்காய்க் கறி. பழுத்ததும் பழமும் அவித்த கொட்டையும். வாடகை என்ற பேச்சை எடுத்ததற்கு அந்த அம்மா ஒருநாள் முழுக்க அம்மம்மாவோடு கதைக்கவில்லை. வீட்டுக்காரர் தச்சுவேலை தெரிந்தவர். பலகை அறுத்து மெசின் தலைக்கு ஒரு மேசையும் கைச்சக்கரமும் செய்து கொடுத்தார். அதில் அம்மம்மா முதலில் தைத்தது அந்த அம்மாவுக்கு ஒரு சட்டை.

1996 சித்திரைக்குப் பிறகு ஊர் திரும்பினோம். நான்கு வருடம் போனது. 2000ஆம் ஆண்டு சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி சிதறியது. ஒருநாள் மத்தியானம் எங்கள் படலையடியில் பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டிக்குள் மீசாலை வீட்டுக்கார அம்மாவும் பிள்ளைகளும் இரண்டு ஆடுகளும். அந்த அம்மா இறங்கத் தயங்கி அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மம்மா ஓடிப்போய்ப் பெட்டியின் பின்பலகையைத் தானே தட்டித் திறந்தார். "விறாந்தை இல்லை, நடு அறை" என்றார். மெசினை அன்றே விறாந்தைக்கு நகர்த்தினோம். இரண்டு வருடம் அவர்கள் எங்களோடு இருந்தார்கள்.

*

அம்மம்மா இறந்த அந்த மார்ச் மாதத்து நாட்களையும் சொல்லாமல் விட முடியாது. அம்மம்மா கண்மூடிய அரைமணி நேரத்துக்குள் ஒழுங்கையின் பெடியன்கள் பந்தல்கால் நட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அம்மம்மா தைத்த பள்ளிச் சட்டையோடு முதல்நாள் பள்ளிக்குப் போனவர்கள். எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் எந்த வீட்டிலிருந்து எந்த வேளைக்குச் சாப்பாடு என்று எங்களுக்குத் தெரியாமலே தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். முன்வீட்டு ஆச்சியின் பேத்தி இரவு இரண்டு மணிக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தாள். கிரியையில் சுண்ணம் இடித்தபோது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடியவர், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேறு யாரையும் பாட விடவில்லை. "என் கல்யாண வேட்டிக்கு விளிம்பு மடித்தவர்" என்றார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றியதை மாமா ரொறன்ரோவில் அலைபேசித் திரையில் பார்த்தார். அங்கே பனி. அவருடைய அயலவர், நம் மொழி தெரியாத ஒரு முதியவர், விடிய விடிய அவர் பக்கத்திலேயே இருந்தாராம்.

உடலைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் வழக்கப்படி படலையோடு நின்றோம். திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கை முழுவதும் பெண்கள். எத்தனை பேருடைய அளவுகள் அந்தக் கொப்பியில் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

மீசாலை அம்மா அந்தியேட்டிக்கு வரவில்லை. கால் வீக்கம், பஸ் ஏற முடியாது. ஒரு வாரம் கழித்து நானும் அம்மாவும் கல்வெட்டோடு போனோம். வீடு புதிதாகக் கட்டியது. பழையதில் மிச்சம் கிணறும் இரண்டு பலாமரங்களும். கட்டிலில் இருந்தபடியே கல்வெட்டை வாங்கி, அட்டையிலிருந்த படத்தை உள்ளங்கையால் தடவினார். அழவில்லை. நெடுநேரம் கழித்து, "மெசின் ஓடுகிறதா?" என்று கேட்டார்.

"ஓடுகிறது அன்ரி, நான்தான் தைக்கிறேன்" என்றார் அம்மா.

"என்னுடைய சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. இவர்கள் கடையில் வாங்கி வருகிறார்கள், தோளில் நிற்பதில்லை."

அம்மா கைப்பையைத் திறந்தார். அளவு நாடா இருந்தது. அந்தக் கொப்பியையும் கொண்டுவந்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் நீட்டினார். 1995 நவம்பர் என்று எழுதியிருந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது: மார்பு 36, தோள் 14. மீசாலை அம்மாவைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து அம்மா நாடாவைச் சுற்றினார். நான் பழைய வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டேன்.

"மார்பு முப்பத்தொன்று" என்றார் அம்மா. "எழுது. தோள் பன்னிரண்டரை."